நெல் அறையில் முளைத்த மஞ்சள் கீரை

"ஏம்மா, விளக்கு ஏத்தினா மட்டும் நீ எங்க போயிடற?"

என் மகள் இதைக் கேட்டபோது நான் அவளுக்கு எதிரே, கை நீட்டினால் தொடும் தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் இருவருக்கும் நடுவில் அரிக்கேன் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. என் பக்கம்தான் திரும்பியிருந்தாள். ஆனால் என்னைப் பார்க்கவில்லை, என் தோளுக்கு மேலே எதையோ பார்த்தாள்.

"இங்கதான் இருக்கேன் கண்ணு" என்றேன்.

"குரல் இருக்குது. நீ இல்லியே" என்றாள்.

பள்ளி இறுதி வகுப்பு வரை படித்தவள் நான். மாலைக்கண் என்றால் என்ன என்று டாக்டர் சொன்னதைத் திருப்பிச் சொல்ல எனக்குத் தெரியும். நாலு வயதுக் குழந்தைக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை. விளக்கை ஏற்றுகிறவள் நான். ஏற்றியதும் காணாமல் போகிறவளும் நான். அதனால் எங்கள் வீட்டில் பொழுது சாயும்போது குழந்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்ப ஏத்தாத, இன்னும் கொஞ்ச நேரம் இரு" என்று கெஞ்சுகிறாள்.

இது தொடங்கியபோது நாங்கள் சிரித்தோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். விழுப்புரத்தில் ரயில் பாதைக்குப் பக்கத்தில், ஒரு பெரிய ஓட்டு வீட்டின் பின்கட்டில் நாங்கள் குடியிருக்கிறோம். என் கணவர் கூட்ஸ் ஷெட்டில் குமாஸ்தா. முகையூர்ப் பக்கத்துக் கிராமத்தில் நிலம் இருக்கிறது, அதை மைத்துனர் பார்த்துக்கொள்கிறார். மாமியார் எங்களோடு இருக்கிறார். ஐப்பசியில் மழை பிடித்ததிலிருந்து குழந்தை சாயங்காலம் ஆனால் விளையாட்டை விட்டுவிட்டு, சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்துவிடுவாள். கூப்பிட்டால் வரமாட்டாள். "நம்ம பொண்ணு கோழி மாதிரி, பொழுது சாஞ்சா அடைஞ்சிடுது" என்று அவர் சொல்லுவார். மாமியாரும் சிரிப்பார். நானும் சிரித்தேன். பிறகு ஒரு நாள் சாப்பிடும்போது, தட்டில் இருந்த சோற்றை அவள் தரையில் தேடினாள். யாரும் சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா பார்த்தார். இமையை விரித்து, வெள்ளை விழியில் எதையோ தேடினார்.

"அம்மை போட்டுச்சா?"

"ஆடியில, தட்டம்மை."

"அப்ப என்ன ஆகாரம் குடுத்தீங்க?"

"கஞ்சி. மோர் சாதம்."

"அதுக்கப்பறம்?"

அதற்கப்புறமும் அதேதான். அம்மை கண்ட குழந்தைக்கு வயிறு கெட்டுவிடும், மாந்தம் வரும் என்று மாமியார் பயந்தார். நானும் பயந்தேன். யார் அதிகம் பயந்தோம் என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"மாலைக்கண். இப்ப சாயந்திரம் தெரியல. விட்டா பகல்லயும் தெரியாது. கறுப்பு முழி கூழாப் போச்சின்னா அப்பறம் என்கிட்ட வந்து அழுது பிரயோசனம் இல்ல" என்றார் டாக்டர். சீட்டை இழுத்தார். "மீன் எண்ணெய் எழுதறேன்."

"நாங்க சைவங்க, டாக்டர்."

அவர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபமா, சலிப்பா, எனக்குத் தெரியவில்லை. "மருந்துல என்னம்மா சைவம்? எண்ணெயும் எழுதித் தர்றேன். கீரையும் குடு. தினமும் குடு. எவ்வளவு பச்சையோ அவ்வளவு நல்லது."

எவ்வளவு பச்சையோ அவ்வளவு நல்லது. அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்.

எண்ணெயைக் கொடுத்திருக்கலாமே என்று இதைப் படிப்பவர்கள் கேட்பீர்கள். நானும் தினம் கேட்டுக்கொள்கிறேன். கணவர் பாட்டிலை வாங்கி வந்தார். மூடியைத் திறந்ததும் வீடு முழுவதும் வாசனை பரவியது. மாமியார் தன் தட்டையும் சொம்பையும் எடுத்துக்கொண்டு போய்ப் பின்வாசல் நடையில் வைத்தார். அன்று அவர் சாப்பிடவில்லை, மறுநாளும் சாப்பிடவில்லை. குழந்தைக்குச் சர்க்கரையில் கொடுத்தேன், பாலில் கொடுத்தேன், எல்லாவற்றையும் கக்கினாள். கக்கியதைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கணவர் வாசற்படியில் நின்று, "அவங்களும் சாப்பிடல, இதுவும் சாப்பிடல. யாருக்காக இது?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு எதிர்த்துப் பேச வரவில்லை. பாட்டிலை மூடி, பழந்துணியில் சுற்றி, பெட்டிக்குள் வைத்தேன். மாமியார் அன்று மாலை சாப்பிட்டார். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தான் சாப்பிட்டதில் பாதியை அவளுக்கு ஊட்டினார்.

மாமியாரைக் கல்நெஞ்சுக்காரி என்று யாரும் நினைக்க வேண்டாம். குழந்தை அவர் பக்கத்தில்தான் படுப்பாள். இருட்டில் அவள் நடக்க வேண்டியிருந்தால், "ஆயா கையப் புடிச்சிக்கோ, ஆயாவுக்கும் கண்ணு தெரியாது, ரெண்டு பேரும் சேந்து வுழலாம்" என்பார். குழந்தை சிரித்துக்கொண்டே போவாள்.

எனவே கீரை. ஆனால் கார்த்திகையில் எங்கள் பக்கத்தில் கீரைக்கு எங்கே போவது? வழக்கமாக வரும் கீரைக்காரியை ஆஸ்பத்திரித் தெரு முனையில் பார்த்தேன். கூடையில் பரங்கிக்காய்தான் இருந்தது.

"கீரை இல்லியா?"

"இன்னாம்மா பண்றது, கொல்லையெல்லாம் தண்ணி நின்னுக்கினு கீது. வெதச்சது அழுவிப் போச்சி. தை பொறக்கட்டும், நானே கட்டுக் கட்டா கொணாந்து போடறேன்."

"தை வரைக்கும் முடியாதுங்க. குழந்தைக்கு."

"அப்ப முருங்கையப் பறிச்சிக்கோயேன், உங்க வூட்டுல மரம் கீதே."

மரம் இருந்தது. மரம் முழுக்கக் கம்பளிப்பூச்சி. அடிமரத்தில் கைப்பிடி வைக்க இடமில்லாமல் அப்பிக்கொண்டிருந்தன. முன்கட்டில் இருக்கும் வீட்டுக்காரம்மா பந்தத்தைக் கொளுத்திக் காட்டச் சொன்னார். பூச்சியோடு இலையும் கருகியது. மிச்சத்தைப் புயற்காற்று முறித்துப்போட்டது. மொட்டை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்குத் திண்டிவனம் ஞாபகம் வந்தது.

திண்டிவனத்தில் நான் விடுதியில் தங்கிப் படித்தேன். எங்கள் தலைமையாசிரியை வெளிநாட்டுக்காரர். மழைக்காலம் முடிகிற சமயத்தில் மரப்பெட்டிகளில் மண் நிரப்பி லெட்டூஸ் என்ற கீரையை வளர்ப்பார். வெயில் ஏறினால் அது தாங்காது, குளிர்மாதத்தில்தான் வரும். சமைக்காமல் பச்சையாகவே தின்ன வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆளுக்கு ஓர் இலை தட்டில் வைப்பார்கள். நாங்கள் அதை ஆட்டுத்தழை என்போம். "மே..." என்று ஒருத்தி மெல்லக் கத்துவாள், மேசை முழுக்கச் சிரிப்பு அடங்காது. அந்த இலையைப் பாவாடை மடிப்பில் மறைத்து எடுத்துப்போய் வெளியே போட்டிருக்கிறேன்.

சமைக்க வேண்டாம், கொல்லை வேண்டாம், பெட்டி போதும், பச்சை. வேறு என்ன வேண்டும்?

குழந்தையைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். விக்கிரவாண்டி தாண்டியதும் இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் ரோடு மட்டும். பகல் நேரமாதலால் குழந்தை ஜன்னலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். கொக்கு, மாடு, குடை, இன்னொரு கொக்கு. இதெல்லாம் இப்போது அவளுக்குத் தெரிகிறது என்பதே பயமாக இருந்தது.

தலைமையாசிரியை தம் நாட்டுக்குத் திரும்பிப் போய்ப் பல காலம் ஆகியிருந்தது. எனக்குத் தையல் சொல்லிக்கொடுத்த டீச்சர் இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் ஆபீஸ் அலமாரியைக் குடைந்து ஒரு காகிதப் பொட்டலத்தைக் கொண்டுவந்தார். போன வருஷத்து விதை.

"அந்தம்மா எப்படி வளத்தாங்க டீச்சர்?"

"பொட்டியிலதான். உள்ள வெச்சிதான் வளத்தாங்க. மழைத்தண்ணி படக்கூடாதுன்னு கத்துவாங்களே, ஞாபகமில்ல?"

"உள்ளன்னா, எங்க?"

"உள்ளதான்டி. நீ தின்னவதானே, எங்க இருந்துச்சின்னு தெரியாதா?"

தெரியாது. எவ்வளவு யோசித்தாலும் அந்தப் பெட்டிகள் இருந்த இடம் என் கண்ணுக்கு வரவில்லை. வராந்தாவா, கூடத்து ஜன்னலா? கிழக்கா, மேற்கா? இலையை ஒளிக்கத் தெரிந்த எனக்கு அது எங்கே வளர்ந்தது என்று பார்க்கத் தோன்றவில்லை. அன்று டீச்சரிடம் இன்னொரு தரம் கேட்டிருக்கலாம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, இருட்டுவதற்குள் குழந்தையை வீட்டில் சேர்க்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் பொட்டலத்தைக் காட்டினேன். எதிர்ப்பார் என்று நினைத்தேன். வெளிநாட்டுக் கீரை, பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது, பச்சையாகத் தின்பது. ஆனால் அவர் பொட்டலத்தை வாங்கி, உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"வூட்டுக்குள்ள மொளைக்க வெக்கணுமா? அத்த ஏன் என்னாண்ட மொதல்லியே சொல்லல? பாலிகை மாதிரிதானே?"

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் முளைப்பாலிகை போடுவது உண்டு. மடக்கு என்கிற அகன்ற மண்தட்டுகளில் எருவும் வைக்கோலும் பரப்பி நவதானியம் தெளித்து, இருட்டறையில் மூடி வைப்பார்கள். வெளிச்சம் படாத முளை வெளிறிய மஞ்சளாக, ஓங்கி வளரும். எவ்வளவு மஞ்சளோ, எவ்வளவு உயரமோ, அந்தக் குடும்பம் அவ்வளவு நன்றாக இருக்கும் என்று நம்பிக்கை. கடைசியில் அதை ஏரியிலோ ஆற்றிலோ விட்டுவிடுவார்கள். மாமியார் அதில் கைராசிக்காரர். எங்கள் கிராமத்தைச் சுற்றி எந்தக் கல்யாணமானாலும் பாலிகைக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

"அத்தை, செடிக்கு வெளிச்சம் வேணும்னு ஸ்கூல்ல..." என்று ஆரம்பித்தேன்.

"வெளிச்சமா? எத்தினி கல்யாணத்துக்கு நான் மொளைய எடுத்துக் குடுத்திருக்கேன், ஒண்ணாச்சும் படுத்துச்சா? நீ புள்ளையப் பாத்துக்கோ. இத்த எங்கிட்ட வுடு."

நான் விட்டுவிட்டேன். பச்சையம் சூரிய ஒளியில்தான் உண்டாகிறது என்று பரீட்சையில் எழுதி மார்க்கு வாங்கியவள். படம்கூட வரைந்திருக்கிறேன். ஆனால் எண்ணெய்ப் பாட்டில் வந்த நாளிலிருந்து குழந்தையின் வைத்தியத்திலிருந்து விலகியே நின்றவர், முதல் தடவையாக முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்திருந்தார். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. முளை வரட்டும், வந்த பிறகு வெளிச்சத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். புத்தகத்தில் படித்தது புத்தகத்தோடு போய்விட்டது.

வெள்ளிக்கிழமை தலைமுழுகிவிட்டு மடக்குகளைக் கழுவி, மஞ்சள் தடவி, எருப்பொடியும் மணலும் நிரப்பினார். லெட்டூஸ் மட்டும் போதாது என்று மற்ற மடக்குகளில் வெந்தயம், கடுகு, தனியா எல்லாம் தெளித்தார். குழந்தையின் கையைப் பிடித்துத் தண்ணீர் தெளிக்கவைத்தார். நெல் மூட்டை அடுக்கியிருக்கும் அறையில் வைத்து, மேலே வைக்கோல் போட்டு, கூடைகளைக் கவிழ்த்தார். முன்கட்டு வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தார்.

"இன்னா, வூட்டுக்குள்ளயே கொல்லை போட்டுட்டீங்களா? ஏத்தம் எங்க, வரப்பு எங்க?"

"வரப்புல நீ வந்து படுத்துக்கோ, மடை ஒடையாம இருக்கும்" என்றார் மாமியார். வீட்டுக்காரம்மா நல்ல பருமன். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டபோது எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கும் ஒரு கணம் தோன்றியது.

இரண்டாம் நாளே நான் வீட்டுக்கு விலக்கானேன். பாலிகை இருக்கும் அறையின் பக்கமே என் நிழல் படக்கூடாது. பின்வாசல் நடையில் சாக்கை விரித்து உட்கார்ந்துகொண்டு, கதவு திறக்கும் சத்தத்தையும் தண்ணீர் தெளிக்கும் சத்தத்தையும் கேட்டேன். "வந்துச்சா அத்தை?" என்று அங்கிருந்தே கேட்பேன். "வருது, வருது. கேக்காத, கண்ணு பட்டுடும்." வெந்தயம் தலை நீட்டியபோது வெளியே எடுத்திருந்தால் பிழைத்திருக்குமா? விலக்காகாமல் இருந்திருந்தால் நான்தான் எடுத்திருப்பேனா? எடுத்திருக்க மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது. நன்றாகத் தெரியாது.

குளித்துவிட்டு உள்ளே போன அன்று, மாமியார் கூடையைத் தூக்கிக் காட்டினார்.

தங்கக்கம்பி மாதிரி நின்றன. அரைச் சாண் உயரம், ஒரே அளவு, நுனியில் மட்டும் சின்னச் சின்ன மஞ்சள் இலை. கல்யாண வீட்டில் அப்படி ஒரு பாலிகை வந்திருந்தால் பெண்கள் குலவையிட்டிருப்பார்கள். லெட்டூஸ் விதைத்த மடக்கில் மட்டும் ஒன்றும் இல்லை. உற்றுப் பார்த்தபோது, வைக்கோல் விலகியிருந்த ஓரத்தில் வெள்ளை நூல் மாதிரி இரண்டு மூன்று.

"பாத்தியா? உன் பொண்ணுக்குக் கண்ணு தொறந்துடும். நான் சொல்றேன்" என்றார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

எனக்கு டாக்டரின் குரல் கேட்டது. எவ்வளவு பச்சையோ அவ்வளவு நல்லது. என் முன்னால் பச்சை என்று சொல்ல ஒரு நுனிகூட இல்லை.

"அத்தை, இத ஜன்னல்ல வெக்கணும்."

"ஜன்னல்லியா? நாலு பேர் கண்ணு படற மாதிரியா?"

"பச்சையா ஆகணும் அத்தை. டாக்டர் சொன்னாங்க. பச்சை இல்லன்னா கண்ணுக்கு ஆகாதாம்."

கூடையைக் கவிழ்க்கப் போனவர் கையை நிறுத்தினார். பிறகு தானே ஒரு மடக்கைத் தூக்கிக் கொண்டுவந்து தாழ்வார ஜன்னலில் வைத்தார். மற்றதை நான் தூக்கினேன். அன்று காலை கொஞ்சம் வெயில் எட்டிப் பார்த்தது. அதையே நல்ல சகுனமாக நினைத்தேன்.

மதியத்துக்குள் எல்லாம் சாய்ந்துவிட்டன. யாரோ உள்ளங்கையால் நீவிவிட்டதுபோல, ஒரே பக்கமாக. இருட்டில் ஓங்கி வளர்ந்த தண்டுக்கு நிற்கிற பலம் இல்லை. குச்சி ஊன்றினேன், நூல் கட்டினேன். குழந்தை பக்கத்தில் உட்கார்ந்து, "அதுக்குத் தூக்கம் வருதாம்மா?" என்று கேட்டாள். மறுநாள் மழைச்சாரல் வேறு அடித்தது. வெந்தயத்தில் மட்டும் சில தண்டுகள் படுத்தபடியே நுனியில் பச்சை பிடித்தன. அவற்றைக் கிள்ளி ஆய்ந்தேன். வதக்கியதும் ஒரு கரண்டிகூடத் தேறவில்லை. சோற்றில் பிசைந்து கொடுத்தேன். கசக்குது என்று சொல்லிக்கொண்டே விழுங்கினாள். அன்று மாலை விளக்கை ஏற்றினேன். ஒரு கரண்டிக் கீரையில் கண் திரும்பாது என்று தெரியாதவள் அல்ல நான். இருந்தாலும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"போயிட்டியாம்மா?" என்றாள்.

மாமியாருக்கு அது கீரை இல்லை. அவர் கையால் போட்ட பாலிகை, அவர் ஆயுளில் முதல் தடவையாகப் படுத்துவிட்டது. அதுவும் பேத்தியின் பெயரைச் சொல்லிப் போட்டது. கல்யாணத்தில் பாலிகை வாடினால் அந்த வீட்டுக்கு என்ன கேடு வரும் என்று எத்தனையோ வீடுகளில் அவர் கேட்டிருக்கிறார், சொல்லியும் இருக்கிறார். இப்போது அதை யாரிடம் சொல்வது? தாழ்வாரத்தில் மடக்குகளுக்கு முன்னால் உட்கார்ந்து வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதார்.

"படிச்ச பொண்ணு சொல்லுதேன்னு வெளிய எடுத்தேன். மூடி வெச்சதை ஏன் தொறக்கச் சொன்ன? ஏன் சொன்ன?"

"அது செடிதானே அத்தை. வெளிச்சம் இல்லாம வளந்ததால..."

"செடியா? புள்ள கையால தண்ணி ஊத்தி வெச்சனே, அது செடியா?"

அவர் பயத்தை நான் மூடநம்பிக்கை என்று சொல்லிவிடலாம். சொல்லிவிட்டு, அன்று முழுவதும் என் நெஞ்சு ஏன் அடித்துக்கொண்டது என்பதை எப்படி விளக்குவேன்? சாய்ந்த முளைகளைப் பார்க்கும்போதெல்லாம் நானும் கீரையை மட்டும் பார்க்கவில்லை.

மறுநாள் காலை மடக்குகளைக் கூடையில் அடுக்கிக்கொண்டு ஏரிக்குப் புறப்பட்டார். வாடின பாலிகையை வீட்டில் வைத்திருக்கக்கூடாது. அதில் பச்சை பிடித்த வெந்தயத் தண்டுகள் இன்னும் இருந்தன. லெட்டூஸ் மடக்கில், வெளிச்சம் கண்டபின், வெள்ளை நூல்களின் நுனியில் கடுகளவு இலை விரிந்திருந்தது. நான் பார்த்தேன். "அதை மட்டும் விட்டுட்டுப் போங்க" என்று சொல்ல வாயெடுத்தேன். கணவர் என்னைப் பார்த்தார். கூடையை மாமியார் தலைக்குத் தூக்கிவிட்டவை என் கைகள்தான்.

மாமியார் திரும்பி வந்து காலைக் கழுவிக்கொண்டு, "இந்த வூட்டுல இனிமே எதையும் மொளைக்கப் போடாத" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இப்போது மார்கழி. எங்கள் சமையலறைக் கூரையில் ஒரு கண்ணாடி ஓடு இருக்கிறது. பின்கட்டுக்குக் கரண்ட் கிடையாது, பகல் வெளிச்சம் அதன் வழியாகத்தான். விதைப் பொட்டலத்தில் மிச்சம் இருந்ததை ஒரு வனஸ்பதி டப்பாவில் தெளித்து, மண்ணைப் போட்டு மூடாமல், அந்த ஓட்டுக்கு நேர் கீழே, விறகுக் குவியலின் மேல் வைத்திருக்கிறேன். வெளிச்சம் ஒரு தட்டு அளவுக்கு விழுகிறது. அது நகர நகர டப்பாவை நகர்த்துகிறேன். ரயில் எஞ்சின்களின் கரி ஓட்டின் மேல் படிந்து இரண்டு நாளுக்கொரு தரம் கறுத்துப்போகிறது. கணவர் ஏணி வைத்து ஏறித் துடைத்துக் கொடுக்கிறார். "ஒரே பேஜாரு" என்று முணுமுணுப்பார், ஆனால் துடைப்பார். மாமியாருக்கு டப்பா தெரியாமல் இருக்காது. விறகு எடுக்க வரும்போது மறுபக்கம் திரும்பிக்கொண்டு எடுக்கிறார்.

லெட்டூஸ் முளைத்திருக்கிறது. இந்த முறை பச்சைதான், ஆனால் வெளிர்பச்சை. என் கட்டைவிரல் நகம் அளவு இலைகள். கிள்ளினால் செடி போய்விடும், கிள்ளாவிட்டால் நாள் போய்விடும். போன வாரம் குழந்தையின் வெள்ளை விழி ஓரத்தில் சோப்பு நுரை காய்ந்ததுபோல ஒரு சின்னத் திட்டைப் பார்த்தேன். டாக்டரம்மா இமையை விரித்துத் தேடியது இதைத்தானோ என்று தோன்றியது. ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அவர், "எண்ணெய் குடுத்தியா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். புதிதாக ஒரு சீட்டு எழுதி என் கையில் திணித்தார். பெட்டிக்குள் அந்தப் பாட்டில் இன்னும் இருக்கிறது. தினம் ஒரு தடவை பெட்டியைத் திறந்து துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு மூடுகிறேன். எடுத்தால் ஓர் உயிர் சாப்பிடாமல் கிடக்கும், குழந்தை கக்கும். எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று எழுத என் கை வரவில்லை.

இதைப் படிக்கும் தாய்மார்களிடம் கேட்கிறேன். மழை மாதத்தில், கொல்லை இல்லாமல், வீட்டுக்குள்ளேயே கீரையைக் கரும்பச்சையாக வளர்த்தவர்கள் உங்களில் யாராவது உண்டா? ஒரு கண்ணாடி ஓட்டு வெளிச்சம் அதற்குப் போதுமா, இல்லை நான் மறுபடியும் இருட்டில்தான் வளர்க்கிறேனா? நாலு வயதுக் குழந்தைக்கு நாளைக்கு எத்தனை இலை கொடுத்தால் கண்ணுக்கு எட்டும்? மீன் எண்ணெயைக் கக்காமல் விழுங்கவைக்க வழி தெரிந்தவர்கள், அதை ஒரு சைவ வீட்டில், மாமியார் மனம் உடையாமல் எப்படிச் செய்தீர்கள்? உடைத்துத்தான் செய்தீர்கள் என்றால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

இது அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் தை பிறந்துவிடலாம். கீரைக்காரி கட்டுக் கட்டாகக் கொண்டுவரலாம். அப்போது அது உதவுமா என்று எனக்குத் தெரியவில்லை. ஆகையால் தெரிந்தவர்கள் தாமதிக்காமல் எழுதுங்கள். அதுவரை, விளக்கை ஏற்றியதும் நான் எங்கே போகிறேன் என்று அவள் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.